மஞ்சக் கேபிளா, கறுப்புக் கேபிளா? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் வீட்டு வைஃபை பத்தி எழுதினதுக்கு அப்புறம் வாட்ஸ்அப்ல வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஃபைபர் கேபிள், அதாவது கண்ணாடி இழை வழியா வெளிச்சத்துல தகவல் கொண்டு போற கேபிள் பத்தித்தான் இருந்துச்சு, அதனால இந்த மாசம் பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். பினாங்குல இருபது வருஷத்துக்கு மேல கேபிள் இழுக்குற வேலை எனக்கு. ஃபேக்டரி, ஸ்கூல், கொண்டோ, கோயில்னு எல்லா இடத்துலயும் சீலிங்குக்கு மேலயும் லொங்காங் (சாக்கடை) ஓரத்துலயும் கேபிளோட கெடந்திருக்கேன், கையால செஞ்சு பாத்ததைத்தான் இங்க எழுதுறேன். பேரு போட வேணாம்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க, அதனால ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

அண்ணே, எங்களுக்கு மரச்சாமான் பட்டறை. முன்னால ஆபீஸ், பின்னால ஸ்டோர், நடுவுல 180 மீட்டர் இருக்கும். மொதல்ல கேட்6 காப்பர் கேபிள் இழுத்தோம், லைன் வந்து வந்து போச்சு. அப்புறம் ஒரு நாள் இடிச்ச இடியில ரெண்டு பக்கமும் நெட்வொர்க் சுவிட்ச் செத்துப் போச்சு. இப்ப ஃபைபர் போடலாம்னு இருக்கோம். ஒருத்தரு மஞ்சக் கேபிள் மிச்சம் கெடக்கு, சிங்கிள் மோட் தான், சல்லிசா தரேன்ங்குறாரு. வாங்கலாமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

வாங்காதீங்க தம்பி. சல்லிசா கெடைக்குதேன்னு வாங்கி வெளியில போட்டீங்கன்னா கொஞ்ச நாள்லயே திரும்பவும் ஆள் வச்சு இழுக்கணும், கேபிள் காசை விட கூலி தான் எப்பவும் ஜாஸ்தி.

மொதல்ல கேட்6 ஏன் ஒழுங்கா ஓடலன்னு சொல்லிடுறேன். காப்பர் நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர் தான் எல்லை, அதுலயும் நிரந்தரமா போடுறது 90, ரெண்டு பக்கமும் சேத்து பேட்ச் கார்டுக்கு (முனையில சொருகுற குட்டி வயருக்கு) 10னு கணக்கு. 180 மீட்டர்ல லைன் வந்ததே பெரிசு. இடி விஷயம் அதை விட முக்கியம். ரெண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி, பக்கத்துல எங்கயாவது இடி எறங்குனா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் ஒரே நொடியில எகிறிடும், நடுவுல செம்புக் கம்பி கெடந்தா அந்தக் கரண்ட் அது வழியாத்தான் பாயும், பாயுற வழியில இருக்குற சுவிட்ச் போர்ட்டை எல்லாம் கருக்கிட்டுப் போயிடும். கண்ணாடியில கரண்ட் ஓடாது. அதனாலதான் ஒரு கட்டடத்துலேர்ந்து இன்னொரு கட்டடத்துக்குப் போற லைன்னா 40 மீட்டரா இருந்தாக் கூட ஃபைபர் போடுங்கன்னு நான் அடிச்சுச் சொல்றது.

இப்ப அந்த மஞ்சக் கேபிள். சிங்கிள் மோட்னா வெளிச்சம் ஒரே பாதையில போற மெல்லிசு இழை, அந்த வகை உள்கட்டட கேபிளுக்கு மஞ்ச கலர்ங்கிறது ஒரு வழக்கம், கலரைப் பாத்தாலே தெரிஞ்சுக்கலாம். உள்ள இருக்குற கண்ணாடி நல்ல கண்ணாடியா இருக்கலாம், அதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. மேல போத்தியிருக்குற தோல் தான் பிரச்சன. அது வெயிலுக்கும் மழைக்கும் செஞ்சது கிடையாது.

பிறைல ஒரு ஃபேக்டரியில லைன் போயிடுச்சுன்னு என்னைக் கூப்பிட்டாங்க. எனக்கு முன்னால வேல செஞ்ச ஆளு ரெண்டு பில்டிங்குக்கு நடுவுல மஞ்சக் கேபிளை சுவத்தோட கிளிப் அடிச்சு கொண்டு போயிருந்தாரு, மேற்கு பாத்த சுவரு, மத்தியானத்துக்கு மேல முழு வெயிலும் அதுல தான். கைய வச்சுப் பாத்தேன், வெரல்ல மஞ்ச மாவு மாதிரி ஒட்டுச்சு, லேசா வளைச்சேன், அப்பளம் மாதிரி பொடக்குனு வெடிச்சுது. அதோட போகல. வெடிச்ச எடத்துல மழைத்தண்ணி எறங்கி உள்ள பலத்துக்குப் போட்டிருக்குற அராமிட் நூல் வழியா, விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி, சுவத்தைத் தாண்டி ஆபீஸ் உள்ள வரைக்கும் வந்திருக்கு. கேபிள் வந்து முடியுற டெர்மினேஷன் பாக்ஸைத் தொறந்தா அடியில தண்ணி நிக்குது, கனெக்டர் முனையெல்லாம் பாசி புடிச்ச மாதிரி. அவங்க ஒரு வருஷமா சுவிட்ச்சை மாத்திக்கிட்டே இருந்திருக்காங்க, கேபிளை யாருமே பாக்கல. அந்த நாள்லேர்ந்து யாரு கேட்டாலும் கண்ணாடியைப் பத்தி ரெண்டாவதாப் பேசுங்க, மொதல்ல தோலைப் பத்திப் பேசுங்கன்னு தான் சொல்றேன்.

வெளியில போற கேபிள் கறுப்பா இருக்கும், பாலிஎத்திலீன் ஜாக்கெட், அந்தக் கறுப்பு அழகுக்கு இல்ல, கார்பன் பிளாக் கலந்ததால வர்றது, அதுதான் வெயிலோட புற ஊதாக் கதிரைத் தாங்குது. உள்ள அமைப்பே வேற. மஞ்சக் கேபிள்ல ஒவ்வொரு இழை மேலயும் 900 மைக்ரான் தடிமனுக்கு பிளாஸ்டிக் இறுக்கமா ஒட்டியிருக்கும், டைட் பஃபர்ம்பாங்க. கறுப்புல லூஸ் டியூப், அதாவது சின்னக் குழாய்க்குள்ள இழைங்க தளர்வா, குழாயோட நீளத்தை விட ஒரு மயிரிழை நீளமாவே போட்டு வச்சிருப்பாங்க, சுத்தி ஜெல் இருக்கும், இல்லாட்டி தண்ணி பட்டா உப்பி அடைச்சுக்குற நூலோ டேப்போ இருக்கும். கேபிளை இழுத்தாலும், வெயில்ல நீண்டு ராத்திரி சுருங்குனாலும் அந்தப் பாரம் நடுவுல இருக்குற குச்சியும் நூலும் தான் வாங்கும், கண்ணாடி சும்மா மெதந்துக்கிட்டு இருக்கும்.

உங்க இடத்துக்கு நான் எழுதிக் குடுக்குறது: ஓஎஸ்2 (சிங்கிள் மோட் கேபிள்ல ஒரு தரம், கீழ மாணவருக்கு விளக்கியிருக்கேன்) லூஸ் டியூப், நடுக்குச்சி இரும்பா இல்லாம ஃபைபர் கிளாஸ் குச்சியா இருக்கணும், கேபிள்ல எங்கயுமே மெட்டல் இருக்கக் கூடாது, அதை கறுப்பு ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பைப்புக்குள்ள ரெண்டடி ஆழத்துல பொதச்சு, மேல எச்சரிக்கை டேப் போட்டு மூடணும். பட்டறைன்னா எலி இருக்கும், எலிக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும், அதனால எதையாவது கடிச்சே ஆகணும், சில பேர் அதுக்கு இரும்புத் தகடு சுத்துன ஆர்மர் கேபிள் போடச் சொல்வாங்க. அது தப்பு இல்ல, ஆனா உங்களுக்கு ஏற்கனவே இடியில அடி வாங்குன அனுபவம் இருக்கு, திரும்பவும் ஒரு கட்டடத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு இரும்பைக் கொண்டு போறதுல எனக்கு மனசு ஒப்பல. எலியை பைப் பாத்துக்கும், பைப் வாய் ரெண்டையும் மட்டும் நல்லா அடைச்சுடுங்க. ஆர்மர் தான் போட்டாகணும்னா உள்ள நுழையுற எடத்துலயே அந்தத் தகட்டை எர்த்துக்குக் கட்டணும், அதை விட்டுட்டுப் போற ஆளுக்கு காசு குடுக்காதீங்க.

இன்னொண்ணு, பட்டறைங்கிறதால அழுத்திச் சொல்றேன். கறுப்புக் கேபிளோட பாலிஎத்திலீன் நல்லா எரியும், உருகி உருகி சொட்டும், ஜெல்லும் எண்ணெய் மாதிரி தான். மரத்தூள் பறக்குற எடத்துல அதை உள்ள நீளமா ஓட விடாதீங்க. சுவத்தைத் தாண்டுன ஒடனே ஒரு பாக்ஸ் வச்சு அங்கயே முடிச்சுட்டு, அதுக்கு மேல எல்எஸ்இசட்ஹெச் (எரிஞ்சா புகை கம்மியா வர்ற, ஹாலோஜன் இல்லாத) ஜாக்கெட் போட்ட உள்கட்டட கேபிள்ல போங்க. அமெரிக்க மின்சார விதியில இந்த மாதிரி வெளிக் கேபிள் கட்டடத்துக்குள்ள 50 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு, நம்ம ஊர்லயும் அதை ஒரு அளவுகோலா வச்சுக்கிட்டா நல்லது.

ரெண்டு முனையிலயும் பிக்டெய்ல் (ஒரு பக்கம் கனெக்டர் வச்ச குட்டி இழை) வச்சு ஃபியூஷன் ஸ்ப்ளைஸ், அதாவது கண்ணாடியை உருக்கி ஒட்டச் சொல்லுங்க. சுவிட்ச்சுல சொருகி சிக்னலை வெளிச்சமா மாத்துற மாடியூல் வாங்கும்போது 1310 நானோமீட்டர் (வெளிச்சத்தோட அலை நீளம்), 10 கிலோமீட்டர்னு போட்டிருக்குற எல்எக்ஸ் எஸ்எஃப்பி ஒரு ஜோடி போதும். 40, 80 கிலோமீட்டர் மாடியூல் இன்னும் பவரா இருக்கும்னு கடையில சொல்லுவாங்க, 180 மீட்டருக்கு அதைப் போட்டா வெளிச்சம் ஜாஸ்தியாகி எதிர்ப்பக்கம் ரிசீவர் திணறும், கெட்டே கூடப் போகலாம். உங்க தூரத்துக்கு கேபிள்ல போற வெளிச்ச இழப்பு, அதை டெசிபல்ல அளப்பாங்க, 0.1 கூட வராது. ஒரு கனெக்டர்ல தூசி இருந்தா அதை விட ஜாஸ்தி போகும். ஆகவே கனெக்டர் முனையைத் தொடச்சு மாட்டச் சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும்.

ஐயா, நான் நெட்வொர்க்கிங் படிக்கிறேன். கேபிள் மேல ஓஎஸ்1, ஓஎஸ்2, ஜி.652.டி, ஜி.657.ஏ1, ஏ2ன்னு விதவிதமா அச்சடிச்சிருக்கு. எது நல்லது?
– மாணவர், பாயான் லெப்பாஸ்

ரெண்டு தனித்தனி விஷயத்தை ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிறீங்க, உங்க தப்பு இல்ல, கேபிள் மேல ஒரே வரியில அடிச்சிருந்தா அப்படித்தான் தோணும்.

ஜி-ன்னு ஆரம்பிக்கிறது எல்லாம் ஐடியு (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) வகுத்தது, கண்ணாடி இழையோட குணத்தைச் சொல்றது. ஓஎஸ்ங்கிறது போட்டு முடிச்ச கேபிள்ல ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு வெளிச்சம் இழக்கலாம்ங்கிற உச்ச வரம்பு. ஓஎஸ்1க்கு 1 டெசிபல், ஓஎஸ்2க்கு 0.4 டெசிபல். ஓஎஸ்1 பெரும்பாலும் இறுக்கமா சுத்துன உள்கட்டட கேபிள், ஓஎஸ்2 பெரும்பாலும் லூஸ் டியூப்.

இந்த நம்பர் மனசுல நிக்கணும்னா பினாங்கு பாலத்தை நெனச்சுக்கோங்க. 1985ல தொறந்த பழைய பாலம், நீளம் 13.5 கிலோமீட்டர். அந்த நீளத்துக்கு ஓஎஸ்2 கேபிள் வரம்புல ஓடுதுன்னு வச்சுக்கிட்டா 5.4 டெசிபல் போகும், பட்டர்வொர்த் பக்கத்துலேர்ந்து 100 பங்கு வெளிச்சம் விட்டா தீவுக்கு 29 பங்கு கிட்ட வந்து சேரும். அதே நீளத்துக்கு ஓஎஸ்1 வரம்புன்னா 13.5 டெசிபல், 4 பங்கு சொச்சம் தான் மிஞ்சும். ஆனா அதே கணக்கை ஒரு கட்டடத்துக்குள்ள 80 மீட்டருக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால எது நல்லதுன்னு கேக்காதீங்க, எத்தன தூரம்னு கேளுங்க. இன்னைக்கு நல்ல இழை 1310ல 0.35, 1550ல 0.2 டெசிபல் கிட்ட தான் இழக்குது. 1966ல சார்லஸ் காவ்ங்கிற விஞ்ஞானி கண்ணாடியைச் சுத்தப்படுத்துனா கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழ கொண்டு வரலாம்னு எழுதினாரு, அதாவது ஒரு கிலோமீட்டர் போனா நூத்துல ஒரு பங்கு மிஞ்சுனாலே போதும்ங்குற நெலம, 1970ல கார்னிங்ங்கிற அமெரிக்கக் கண்ணாடிக் கம்பெனி அதை 17க்குக் கொண்டு வந்துச்சு. அந்த மனுஷருக்கு 2009ல நோபல் குடுத்தாங்க. ஒவ்வொரு தடவை ஓடிடிஆர் (கேபிள்ல எங்க வெளிச்சம் இழக்குதுன்னு காட்டுற மெஷின்) திரையைப் பாக்கும்போதும் எனக்கு இது ஞாபகத்துக்கு வரும், நீங்களும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

இப்ப இழைக்கு வருவோம். ஜி.652.டி தான் வழக்கமான இழை, வெளி லைனுக்கு இதுவே போதும், ஆனா 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழ வளைக்கக் கூடாது. ஜி.657 வளைவு தாங்குறது, ஏ1ன்னா 10 மில்லிமீட்டர், ஏ2ன்னா 7.5. ஏ வகை ரெண்டுமே 652.டியோட ஒத்துப் போகும், ஸ்ப்ளைஸ் பண்ணலாம், பயப்பட வேணாம். வீட்டுக்குள்ள, மூலை முடுக்குல, சின்ன பாக்ஸுக்குள்ள சுருட்டி வைக்கிற எடத்துல ஏ2 கேட்டு வாங்குங்க.

டெஸ்ட் பண்ணும்போது ஒரு சூட்சுமம் சொல்றேன், இதை எனக்கு ஒரு பெரியவரு சொல்லிக் குடுத்தாரு. 1310லயும் 1550லயும் ரெண்டுலயும் அளந்து பாருங்க. வளைவு அலை நீளம் ஜாஸ்தியான வெளிச்சத்தைத்தான் அதிகமா அடிக்கும். 1310ல நல்லா இருந்து 1550ல மட்டும் ஒரு எடத்துல பொத்துன்னு எறங்குச்சுன்னா அங்க கேபிள் மடங்கியிருக்கு, இல்ல யாரோ கேபிள் டையை இறுக்கிக் கட்டியிருக்காங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி எறங்குனா கனெக்டரையோ ஸ்ப்ளைஸையோ பாருங்க.

அண்ணா, செந்தூல்ல கொண்டோ வீடு. ஃபைபர் மோடம் வாசல் பக்கத்துல இருக்கு, வீட்டுக்காரரு ஆன்லைன்ல நீல மூக்கு வச்ச ஃபைபர் வயர் வாங்கி மோடத்தை ரூமுக்கு மாத்தினாரு. இப்ப சிவப்பு லைட் எரியுது, நெட்டே இல்ல. என்ன செய்யலாம்?
– வாசகி, கோலாலம்பூர்

அந்த நீல மூக்கு தான் காரணம்மா. கனெக்டர்ல நீலம்னா யுபிசி, முனை வட்டமா நேரா தேய்ச்சிருக்கும். பச்சைன்னா ஏபிசி, முனை 8 டிகிரி சாய்வா தேய்ச்சிருக்கும். வீட்டுக்கு வர்ற லைன்ல சுவத்து பாக்ஸ்ல பச்சை தான் இருக்கும், பச்சைல நீலத்தைச் சொருகுனா உள்ள போய் டக்குனு உக்காந்த மாதிரி தான் தெரியும், ஆனா ரெண்டு கண்ணாடி முனையும் முழுசா ஒட்டாது, நடுவுல காத்து நிக்கும், வெளிச்சம் திரும்பி அடிக்கும். பல தடவை அழுத்திச் சொருகுனா முனையே கீறிப் போகும். இப்ப ஒடனே அதைக் கழட்டிட்டு பழைய வயரையே முனையைத் தொடச்சு மாட்டிப் பாருங்க, பெரும்பாலும் லைட் பச்சையாயிடும். ஆகலன்னா கம்பெனிக்கு ஃபோன் போட்டுடுங்க, சுவத்து பாக்ஸை நீங்க தொறக்காதீங்க.

ரூமுக்குத்தான் வேணும்னா ரெண்டு முனையும் பச்சை எஸ்சி ஏபிசி, இழை ஜி.657.ஏ2, தேவையான நீளத்துல ஒரே வயரா வாங்குங்க, ரெண்டு வயரை ஒட்டுப் போட வேணாம். சோபா கால்ல மாட்டாம, கதவு இடுக்குல நசுங்காம கொண்டு போங்க. வீட்டு லைன்ல டவுன்லோட் 1490ல வருது, அப்லோட் 1310ல போகுது, மேல மாணவருக்குச் சொன்ன மாதிரி வளைவு டவுன்லோடைத்தான் மொதல்ல புடிக்கும்.

ஆனா என் வீடா இருந்தா மோடத்தை அங்கயே விட்டுட்டு, ஒரு கேட்6 ரூமுக்கு இழுத்து ஒரு வைஃபை பாக்ஸ் வச்சுடுவேன். ஒரே வீட்டுக்குள்ள, 20 மீட்டருக்கு, காப்பர் போதும்.

வணக்கம். எங்க கோயில்ல வாசல் கோபுரத்துலேர்ந்து மண்டபத்துக்கு 350 மீட்டர். வாசல்ல கேமரா வைக்கணும், தைப்பூசத்துக்கு முன்னால முடிக்கணும். வழியெல்லாம் சிமெண்ட் தரை, தோண்ட நிர்வாகத்துக்கு இஷ்டமில்ல, கம்பத்துலேர்ந்து கம்பத்துக்கு மேலாலயே கொண்டு போகலாமா? மரம் நெறைய இருக்கு.
– கோயில் செயலவை உறுப்பினர், பினாங்கு

வணக்கம் ஐயா. தாராளமா கொண்டு போகலாம். மேலால போற கேபிள்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு, எட்டு வடிவத்துல மேல ஒரு இரும்புக் கம்பியும் கீழ கேபிளும் ஒட்டியே வர்றது. இன்னொண்ணு ஏடிஎஸ்எஸ், அதுல இரும்பே கிடையாது, உள்ள இருக்குற அராமிட் நூலே தன் பாரத்தைத் தாங்கிக்கும். முதல் வகை எல்லாக் கடையிலயும் கெடைக்கும், வேலையும் சுளுவு. ஆனாலும் உங்களுக்கு நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். கோபுரம் ஒசரமான எடம், கலசத்துக்கு இடிதாங்கி வச்சிருப்பீங்க, அங்கேர்ந்து மண்டபத்துக்கு இரும்புக் கம்பி ஒண்ணைத் தொங்க விடுறது நல்லதில்ல, விட்டா எர்த் பண்ணியே ஆகணும். ஏடிஎஸ்எஸ்ஸை கம்பத்துக்கு நடுவுல இருக்குற தூரத்தைச் சொல்லி வாங்குங்க, 80 மீட்டர் ஸ்பேனா 100 மீட்டரான்னு கேட்டுத்தான் தருவாங்க. கம்பத்துல புடிச்சுக்குற கிளாம்ப் அந்தக் கேபிளோட தடிமனுக்குன்னே செஞ்சதா இருக்கணும், கம்பி வச்சுக் கட்டக் கூடாது, தோல் அறுந்துடும்.

விறைப்பா இழுக்காதீங்க, கொஞ்சம் தொங்கட்டும். மரக்கிளையை கேபிளுக்கு ரெண்டு பக்கமும் நல்லா வெட்டி விடுங்க, கிளை உராஞ்சு உராஞ்சு தான் மேலால போற லைன் அறுந்து பாத்திருக்கேன். மண்டபத்துக்குள்ள நுழையுறதுக்கு முன்னால கேபிளைக் கீழ எறக்கி ஒரு வளைவு வச்சு அப்புறம் மேல ஏத்துங்க, மழைத்தண்ணி அந்த வளைவோட அடியில சொட்டிடும், உள்ள வராது. ரதம் போற வழியா இருந்தா ரதத்தோட ஒசரத்தை அளந்துட்டு கம்பம் நடுங்க, இதை மறந்துட்டு திருவிழா அன்னைக்கு கேபிளைக் கையால தூக்கிப் புடிச்ச எடம் எனக்குத் தெரியும்.

இன்னும் ஒரு விஷயம். கேபிள் கண்ணாடியா இருந்தாலும் கேமராவுக்கு கரண்ட் வேணும், அந்தக் கரண்ட் வயர் வழியா இடி வந்தா ஃபைபர் போட்ட பலனே போச்சு. அந்த லைனுக்கு சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீர்னு எகிறுற வோல்டேஜைத் தடுக்குறது) போட்டு, வாசல்லயே எர்த் ராட் அடிக்கச் சொல்லுங்க. ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர், இந்த ரெண்டு சீசன்லயும் சாயங்காலம் அடிக்கிற இடி உங்களுக்கே தெரியும். பக்கத்து ரோட்டைத் தாண்டி கேபிள் போகணும்னா மட்டும் மாநகர் மன்றத்துல கேக்காம கம்பம் நடாதீங்க.

ஆபீஸ்ல பழைய ஆரஞ்சு கலர் ஃபைபர் கெடக்கு, புதுசா சிங்கிள் மோட் கேபிளை அதோட ஒட்டி நீட்டிக்கலாமா?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

முடியாது. ஆரஞ்சு மல்டி மோட், அதோட கோர், அதாவது வெளிச்சம் போற நடுக்கண்ணாடி, 50 இல்லாட்டி 62.5 மைக்ரான், சிங்கிள் மோட் கோர் 9 மைக்ரான் கிட்ட. பெரிய குழாய்த் தண்ணியை ஊசி ஓட்டைல விடுற மாதிரி, பெருசுலேர்ந்து சிறுசுக்குப் போறப்ப வெளிச்சத்துல பெரும்பகுதி போயிடும். கோரைச் சுத்தியிருக்குற கண்ணாடியோட சேத்து ரெண்டுமே 125 மைக்ரான் தான், ஸ்ப்ளைஸ் மெஷின் ஒட்டியும் குடுத்துடும், அதை நம்பி ஏமாந்துடாதீங்க. பழசை விட்டுட்டு முழுசா சிங்கிள் மோட் இழுத்துடுங்க. ஒரு காலத்துல சிங்கிள் மோட் மாடியூல் வெலை யானை வெலை, இப்ப அந்த வித்தியாசம் ரொம்பக் கொறஞ்சுடுச்சு, கேபிளும் மல்டி மோடை விட சல்லிசு தான்.

எத்தன கோர் வாங்கணும்? எனக்கு ரெண்டு தான் தேவை.
– வாசகர், கிள்ளான்

பன்னெண்டு வாங்குங்க, இங்க கோர்னா ஒரு இழை. குழி வெட்டுற கூலி ரெண்டுக்கும் ஒண்ணு தான், பன்னெண்டுக்கும் ஒண்ணு தான். ஒரு கோர் கெட்டா இன்னொண்ணுக்கு மாத்திக்கலாம், நாளைக்கு கேமரா, கேட், பக்கத்து ஷெட்னு ஏதாவது வந்துக்கிட்டே இருக்கும். எல்லாத்தையும் முதல் நாளே ஸ்ப்ளைஸ் பண்ணி பாக்ஸ்ல ஏத்திடுங்க, நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா, இதுதான் வரிசை, ரெண்டு பக்கமும் இதே வரிசை. ரெண்டு முனையிலயும் 10 மீட்டராவது சுருட்டி வையுங்க. கேபிள் மேல மீட்டர் நம்பர் அச்சடிச்சிருக்கும், தொடங்குற நம்பரையும் முடியுற நம்பரையும் ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கழிச்சுப் பாத்தா உங்களுக்கு எத்தன மீட்டர் போட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

தம்பி, என் மகன் இப்பதான் ஃபைபர் ஜாயின்ட் அடிக்கிற வேலைக்குச் சேந்திருக்கான். கண்ணாடித் துண்டு ரத்தத்துல போனா ஆபத்துன்னு யாரோ சொன்னாங்க, எனக்குத் தூக்கமே இல்ல. நெசமா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

அக்கா, பயப்படாதீங்க, ஆனா அவன் கவனமா இருக்கணும்ங்கிறது நெசம். வேலை செய்யும்போது இழை மேல இருக்குற பிளாஸ்டிக்கை உரிச்சா மிஞ்சுறது 125 மைக்ரான் கண்ணாடி, அதை வெட்டும்போது ஒரு சின்ன முள்ளு மாதிரி துண்டு தெறிக்கும், வெள்ளை மேசையில விழுந்தா கண்ணுக்கே தெரியாது. தோல்ல குத்துனா சுருக்குனு இருக்கும், எடுக்குறது கஷ்டம், ஒடிஞ்சு உள்ளயே நின்னா வீங்கும். கண்ணுல பட்டாத்தான் பெரிய ஆபத்து. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல வெரல் நுனியில ஒண்ணு ஏறி, நாலு நாள் சட்டைப் பொத்தான் போட முடியாம இருந்திருக்கேன்.

அவன்கிட்ட இதைச் சொல்லுங்க, இல்ல இந்தப் பக்கத்தைக் கிழிச்சு அவன் பையில வையுங்க. கறுப்பு விரிப்பு போட்டுத்தான் ஒக்காரணும், கறுப்புல தான் துண்டு மின்னும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம கிளீவரை (இழை வெட்டுற கருவியை) தொடக் கூடாது. வெட்டுன ஒவ்வொரு துண்டும் மூடி போட்ட டப்பாவுக்குள்ள போகணும், தரையில தட்டி விடக் கூடாது, அது வீட்டுக்காரங்க புள்ளைங்க தவழுற தரை. வேலை செய்யுற எடத்துல தே தாரிக்கையும் ரொட்டியையும் வச்சுக்கக் கூடாது, முடிச்சுட்டு கை கழுவிட்டுத்தான் சாப்பாடு, கண்ணைக் கசக்குறதும் அதுக்கு அப்புறம் தான். ஓடுற லைனோட முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்கவே கூடாது, அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா உள்ள இருக்கும், வெளிச்சத்தை அளக்குற பவர் மீட்டர் வச்சுத்தான் பாக்கணும்.

வீட்டுக்கு வந்த ஒடனே சட்டையை வாசல்லயே ஒரு உதறு உதறச் சொல்லி, மத்தவங்க துணியோட சேக்காம தனியாத் தொவைங்க. டப்பா நெறைஞ்சதும் மூடியைச் சுத்தி டேப் ஒட்டி, மேல கண்ணாடித் துண்டுன்னு எழுதி அப்புறம் தான் குப்பையில போடச் சொல்லுங்க, குப்பை அள்ளுறவங்களுக்கும் கை இருக்கு.